அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டா?

அந்த ஆண்டு எங்கள் பள்ளிக்கு நாங்களே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணைப் பார்த்தால், பினாங்கில் எங்களைவிட நல்ல பள்ளி கிடையாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கற்றல் கற்பித்தல் பகுதியில் ஏறக்குறைய எல்லாக் கட்டத்திலும் நான்குக்கு நான்கு. இரண்டு இடத்தில் மட்டும் மூன்று. அந்த இரண்டு மூன்றும்கூட என் யோசனைதான். "எல்லாத்துலயும் நாலு போட்டா நசீர் வந்தா கேப்பாங்க டீச்சர், ஒண்ணு ரெண்டு கொறைச்சுப் போடுங்க" என்று துணைத் தலைமையாசிரியரிடம் சொன்னது நானேதான். நசீர் என்றால் கல்வியமைச்சின் பள்ளி ஆய்வாளர்.

நான் கணித ஆசிரியை. பெருநிலத்தில் பட்டர்வொர்த்தில் வீடு, பினாங்குத் தீவில் தமிழ்ப்பள்ளி. தினமும் பாலத்தைத் தாண்டிப் போய் வருகிறேன். கணிதப் பணித்தியத்துக்கு, அதாவது பள்ளியின் கணித ஆசிரியர் குழுவுக்கு, தலைவியாக இருந்து பல ஆண்டுகளாகிவிட்டன. புதிதாகப் பணித்தியத் தலைமையை ஏற்கும் இளம் ஆசிரியர்கள் அவ்வப்போது கேட்பார்கள்: "சுயமதிப்பீட்டை எப்படிச் செய்யுறது டீச்சர்? உங்க பாரத்தைக் கொஞ்சம் அனுப்புங்களேன்." பாரத்தை அனுப்புவது சுலபம். அதை நிரப்புவதும் சுலபம். அதுதான் சிக்கல். அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. மலேசியப் பள்ளிகள் தங்களைத் தாங்களே எடைபோட்டுக்கொள்ள எஸ்.கே.பி.எம். என்ற தர அளவுகோல் இருக்கிறது. நாங்கள் நிரப்பியது 2017-இல் வந்த இரண்டாம் அலை. தலைமைத்துவம், நிர்வாகம், பாடத்திட்டம் மற்றும் மாணவர் நலன், கற்றல் கற்பித்தல், மாணவர் மேம்பாடு என ஐந்து தரங்கள். இதில் நான்காவதுதான் வகுப்பறை. ஆசிரியர் திட்டமிடுபவரா, வகுப்பை நெறிப்படுத்துபவரா, வழிகாட்டுபவரா, ஊக்குவிப்பவரா, மதிப்பிடுபவரா, மாணவர் முனைப்போடு கற்கிறாரா என்று ஆறு கோணத்தில் பார்த்து 0 முதல் 4 வரை புள்ளி தர வேண்டும். முதலில் பள்ளி தனக்குத்தானே போட்டுக்கொள்ளும். நசீர் வந்தால் சரிபார்ப்பார்.

அளவுகோலில் குறை ஒன்றும் இல்லை. உட்கார்ந்து நிதானமாகப் படித்தால் நன்றாகவே யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்பது தெரியும். ஆனால் நாங்கள் அதைப் படித்ததில்லை, நிரப்பியிருக்கிறோம்.

சரி, கதைக்கு வருகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான்காம் ஆண்டு ஆசிரியை விடுப்பு. எனக்கு ரிலீஃப். போன இடத்தில் சும்மா இருக்க முடியாமல் முன்வரிசைப் பையன் ஒருவனுடைய கணிதப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். பின்னங்களைக் கூட்டும் பாடம். ஆறு பக்கமும் அழகான கையெழுத்து, வரிக்கு வரி சிவப்பு மையில் சரி. வகுப்பு ஆசிரியை எனக்குத் தெரிந்தவரை நல்ல ஆசிரியை. அந்த ஆண்டு அவர் வகுப்பைப் பார்வையிட்டு நான்கு போட்டதும் நான்தான். சும்மா பேச்சுக்கு, வெண்பலகையில் 1/2 + 1/3 என்று எழுதி, "இத மட்டும் போட்டுக் காட்டுய்யா" என்றேன்.

பையன் யோசிக்கவே இல்லை. 2/5 என்று எழுதினான்.

"எப்படி வந்துச்சு?"

"மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ ரெண்டும் மூணும் அஞ்சு, ஆசிரியர்." எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல இருந்தது அவன் குரல்.

"சரி. நீ அரை ரொட்டி சானாய் சாப்பிட்டுட்ட. அப்புறம் அப்பா தன் தட்டுல இருந்து இன்னொரு ரொட்டியில மூணுல ஒரு பங்கு பிச்சுக் கொடுக்கிறாரு. மொத்தமா நீ சாப்பிட்டது அரையைவிட அதிகமா, கம்மியா?"

"அதிகம்தான்."

"அஞ்சுல ரெண்டு பங்கு, அரையைவிட அதிகமா?"

பதில் சொல்லாமல் ஓரத்தில் ஒரு நீளக் கட்டம் வரைந்தான். ஐந்தாகப் பிரித்தான். கோடுகள் கொஞ்சம் கோணல்தான். இரண்டு பங்கை பென்சிலால் நிரப்பினான். பிறகு விரலால் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தான். நிரப்பிய பகுதி நடுக்கோட்டைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் சிரித்துவிட்டான். "ஆசிரியர், அப்ப சாப்பிடச் சாப்பிட ரொட்டி கொறையுதே!"

வகுப்பில் 31 பேர். எல்லாரிடமும் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து அதே கணக்கைப் போடச் சொன்னேன். 19 தாளில் 2/5.

பகல் முழுக்க அந்த 19 தாளும் என் கைப்பையில் இருந்தன. சாயங்காலம் பாலத்தில் நெரிசல். வண்டி நகராமல் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. இந்தப் பிள்ளைகளுக்குப் போன வருடம், மூன்றாம் ஆண்டில், பின்னம் சொல்லிக்கொடுத்தது யார்? நான். வகுப்பறை மதிப்பீட்டில் இவர்களில் பாதிப் பேருக்கு டிபி, அதாவது அடைவு நிலை, நான்கு போட்டதும் நான்.

*

யூ.பி.எஸ்.ஆர். இருந்த காலத்தில் எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1988-இல் தொடங்கி 2019 வரை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடந்த அரசுப் பொதுத்தேர்வு அது. 2020-இல் கோவிட் காரணமாக நடக்கவில்லை, 2021-இல் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். அதுவரை பள்ளியின் சுயமதிப்பீடு என்றால், முடிவு வந்த மறுநாள் ஆசிரியர் அறையில் ஒட்டும் ஒரு தாள்தான். எத்தனை 'ஏ', தேர்ச்சி எத்தனை விழுக்காடு, பக்கத்துப் பள்ளியைவிட மேலா கீழா. குறைந்தால் ஆறாம் ஆண்டு ஆசிரியரின் தலை உருளும். கூடினால் அவருக்கே மாலை. மற்ற ஐந்து ஆண்டுகளில் பாடம் நடத்தியவர்கள் கைதட்டுவதோடு சரி.

அந்தத் தேர்வு திரும்பி வர வேண்டும் என்று சொல்கிறவள் நான் இல்லை. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை இரவு வகுப்பில் உட்காரவைத்து மாதிரித் தாள்களைப் போடவைத்தே ஒரு வருடத்தைத் தின்றிருக்கிறோம். ஆனால் அது போனபிறகு எங்கள் கையில் மிஞ்சியது, எங்களை நாங்களே பார்த்துக்கொள்ளும் கண்ணாடி மட்டும். அதில் எல்லாரும் அழகாகவே தெரிந்தோம். வகுப்பறை மதிப்பீட்டில் ஆறு அடைவு நிலைகள் உண்டு. ஒன்று போட்டால் "குறைநீக்கல் என்ன செய்தீங்க?" என்று கேள்வி வரும். ஆறு போட்டால் "ஆதாரம் எங்கே?" என்று கேட்பார்கள். மூன்றும் நான்கும் போட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆகவே நாடு முழுக்க எப்படியோ தெரியாது, எங்கள் பள்ளியில் மூன்றும் நான்குமாகவே பிள்ளைகள் இருந்தார்கள்.

*

அடுத்து நான் செய்தது பெரிய முட்டாள்தனம். ஆசிரியர் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், 19 தாளையும் மேசையில் போட்டு விஷயத்தைச் சொன்னேன். வகுப்பின் பெயரை நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு இரண்டே வகுப்பு. அந்த ஆசிரியையின் முகம் வாடியதைப் பார்த்தபிறகும் நான் பேச்சை நிறுத்தவில்லை. நல்ல காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்து அவர் நேராகக் காருக்குப் போனார். மூன்று வாரம் என்னிடம் "வணக்கம் டீச்சர்" தவிர ஒரு வார்த்தை இல்லை.

போன வருடம் அவர்களுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்பதை அந்தக் கூட்டத்தில் நான் சொல்லவில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கடைசியில் நானே கேண்டீனில் அவர் எதிரில் போய் உட்கார்ந்து அதைச் சொன்னேன். அவர் மீ கோரெங்கைக் கிளறிக்கொண்டே, "அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். பிறகு, "உங்க வகுப்பை நான் வந்து பார்க்கலாமா?" என்றார். எங்கள் பள்ளியில் உருப்படியான மீளாய்வு அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. ஆகவே முதலில் சொல்ல வேண்டிய யோசனை இதுதான். பணித்தியத் தலைவர், துணைத் தலைமையாசிரியர், யாராக இருந்தாலும், பார்வையிடுவது உங்கள் வகுப்பில் இருந்து தொடங்கட்டும். பெரியவர் வகுப்பு முதலில் திறந்தால் சின்னவர் வகுப்பு தானாகத் திறக்கும்.

பி.எல்.சி., அதாவது ஆசிரியர்கள் கூடி ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ளும் குழு, எங்களுக்குப் புதிது இல்லை. கல்வியமைச்சு 2011 முதலே சொல்லிவருகிறது. எங்களிடம் அதற்கென்று தடித்த கோப்பு இருந்தது. பதாகைக்கு முன்னால் எல்லாரும் நின்று எடுத்த படம், வருகைப் பதிவு, தண்ணீர் போத்தல் தெரிய ஒரு கலந்துரையாடல் படம். பாட ஆய்வு என்று ஜப்பானியர்கள் நூறாண்டுக்கும் மேலாகச் செய்துவரும் முறையும் அந்தக் கோப்பில் ஒரு தாவலாக இருந்தது. கூடித் திட்டமிடுவது, ஒருவர் நடத்துவது, மற்றவர் பார்ப்பது, பேசித் திருத்தி இன்னொரு வகுப்பில் மறுபடி நடத்துவது. கேட்க எளிது. நாங்கள் அதில் செய்துவந்த தவறு, பார்க்கப் போனவர்கள் எல்லாரும் ஆசிரியரையே பார்த்ததுதான். பீடிகை நன்றாக இருந்ததா, குரல் கேட்டதா, பாடத்துணைப்பொருள் வண்ணமயமா. பிள்ளைகள் பின்னணிக் காட்சி.

இந்த முறை மாற்றினோம். மூன்று பேர் பார்க்கப் போனோம். ஆளுக்கு இரண்டு பிள்ளை. ஒரு மணி நேரமும் அந்த இருவரை மட்டுமே பார்க்க வேண்டும். அவர்கள் சொன்னதையும் செய்ததையும் மட்டும் எழுத வேண்டும். "நல்ல", "சுறுசுறுப்பான", "கவனமற்ற" போன்ற சொற்களுக்குத் தடை. நேரத்தையும் ஓரத்தில் குறிக்க வேண்டும்.

முதல் பாடம் என்னுடையது. காகிதப் பட்டைகளை மடித்துப் பின்னம் காட்டுவது. நான் நன்றாகவே நடத்தினேன் என்றுதான் நினைத்தேன். வகுப்பே "ஆமாம் ஆசிரியர்!" என்று கூரை அதிரச் சொன்னது. முடிந்ததும் நான்காம் ஆண்டு ஆசிரியை தன் குறிப்பை வாசித்தார். அதை அப்படியே இங்கே தருகிறேன், இன்னும் என் கைவசம் இருக்கிறது:

"9.12 — பட்டையை மூன்றாக மடிக்கச் சொன்னார். இவள் நான்காக மடித்தாள். பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள். பிரித்தாள். மறுபடி நான்கு. 9.15 — 'எல்லாரும் மடிச்சாச்சா?' இவள் 'மடிச்சாச்சு ஆசிரியர்' என்றாள். பட்டை மேசைக்குக் கீழே. 9.21 — 'புரிஞ்சுதா?' 'புரிஞ்சுது ஆசிரியர்.' தாளில் பெயர் மட்டும் இருக்கிறது. 9.34 — வெண்பலகையில் விடை எழுதப்பட்டது. இவள் எழுதத் தொடங்கினாள். வேகமாக, அழகாக."

வேகமாக, அழகாக. அந்தப் பெண்ணின் புத்தகத்தை நான் சாயங்காலம் திருத்தியிருந்தால் முழுக்கச் சரி போட்டிருப்பேன்.

காகிதத்தை மூன்றாக மடிப்பது குழந்தைக்குக் கடினம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இரண்டும் நான்கும் சுலபம், மூன்று கை பழகினால்தான் வரும். இருபது வருடமாக மடிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

*

பேச்சுக்கும் ஒழுங்கு வைத்துக்கொண்டோம், ஏனென்றால் முதல் சந்திப்பில் எல்லாரும் "நல்லா இருந்துச்சு டீச்சர்" என்று ஆரம்பித்து அங்கேயே முடித்துவிட்டார்கள். பாடம் நடத்தியவர் முதலில் பேசுவார், தான் எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் எங்கே இடைவெளி என்று. பிறகு பார்த்தவர்கள் குறிப்பை வாசிப்பார்கள், வாசிக்க மட்டும்தான். அதன்பிறகே "இப்படிச் செய்தால் என்ன?" என்ற பேச்சு. இந்தக் குறிப்புகள் எந்தக் காரணம் கொண்டும் ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டுக் கோப்புக்குப் போகாது என்று தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கு இல்லாவிட்டால் இதெல்லாம் இரண்டாவது வாரமே நாடகமாகியிருக்கும். புள்ளி போடும் வேலையையும் பார்க்கும் வேலையையும் ஒரே தாளில் ஒரே நாளில் செய்யக் கூடாது. ஏன் என்றால், புள்ளி என்று வந்துவிட்டால் நான் உட்பட எல்லாரும் நடிப்போம்.

இன்னொன்று தற்செயலாக வந்தது. கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டு என் பாடத்தை ஒலிப்பதிவு செய்து, இரவு வீட்டில் கேட்டேன். முதல் ஐந்து நிமிடம் என் குரலைக் கேட்கவே கூச்சமாக இருந்தது. பிறகு எண்ணத் தொடங்கினேன். அரை மணி நேரத்தில் 42 கேள்வி கேட்டிருக்கிறேன். அதில் 30-க்கு மேல் "சரியா?", "புரிஞ்சுதா?", "அப்படித்தானே?" வகை. மிச்சத்திலும் கேள்வி முடிந்து ஒரு விநாடி ஆவதற்குள் நானே பதிலின் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். "இதைச் சம..., சமப்..." என்று நான் இழுக்க, பிள்ளைகள் "பின்னம்!" என்று முடிக்கிறார்கள். 1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இதையே அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடிதான், அதை மூன்று விநாடியாக்கினாலே பிள்ளைகள் நீளமாகவும் யோசித்தும் பேசுகிறார்கள் என்று எழுதினார். பயிற்சிக் கல்லூரியில் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்! வகுப்பறையில் மூன்று விநாடி சும்மா நிற்பது எவ்வளவு நீளம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். மேசை ஓரத்தை விரலால் மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பது என்று பழக்கிக்கொண்டேன். இன்னும் முழுதாக வரவில்லை.

"ஆமாம் ஆசிரியர்" கூட்டிசைக்கும் ஒரு வழி செய்தோம். தெளிவான பிளாஸ்டிக் கோப்புறைக்குள் ஒரு வெள்ளை அட்டையைச் செருகினால் சின்ன வெண்பலகை தயார். துடைக்கப் பழைய காலுறை. கேள்வி கேட்டதும் எல்லாரும் எழுதுவார்கள், மூன்று எண்ணியதும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டுவார்கள். ஒரு பார்வையில் 31 விடையும் தெரியும். பக்கத்து விடையைப் பார்த்து எழுத நேரம் இருக்காது. இதற்குப் பள்ளி நிதிகூடத் தேவைப்படவில்லை. வீட்டில் கிடந்த கோப்புறைகளையே ஆசிரியர்கள் கொண்டு வந்தார்கள்.

*

மூன்று வாரம் கழித்து அதே வகுப்பில் மறுபடி 1/2 + 1/3. இந்த முறை 2/5 எழுதியவர்கள் 7 பேர். கைதட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஏழு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசவைத்துப் பார்த்தோம். அங்கேதான் எனக்கு மிகப் பெரிய பாடம் கிடைத்தது. ஒரே தவறு, ஆனால் காரணம் ஏழு பேருக்கும் ஒன்றல்ல. மூன்று பேருக்குப் பின்னம் என்றால் மேலொரு எண், கீழொரு எண், அவ்வளவுதான். அது ஓர் அளவு என்பதே மனத்தில் இல்லை. இரண்டு பேருக்கு அது தெரியும், பகுதி எண்ணை ஒன்றாக்க வேண்டும் என்பதும் தெரியும், ஆனால் பெருக்கல் வாய்பாடு மனத்தில் இல்லை. பாதி வழியில் சோர்ந்து குறுக்கு வழிக்குப் போய்விடுகிறார்கள். ஒரு பெண்ணுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. கடைசி வரிசையில் இருந்து வெண்பலகையில் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஏழாவது ஒரு பையன், விடை தெரிந்தும், "போன தடவை எல்லாரும் இதத்தான் எழுதினாங்க" என்று எழுதியிருக்கிறான்.

எங்கள் பழைய வழக்கப்படி என்றால் ஏழு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே பயிற்சித் தாளைக் கொடுத்திருப்போம். கண்ணாடி தேவைப்பட்ட பெண்ணும் இருபது பின்னக் கணக்குப் போட்டிருப்பாள்.

இந்த வேலையில் இருந்து வந்ததுதான் இப்போது நாங்கள் செய்யும் டின் முறை. மைலோ டின் ஒன்றில் 1 முதல் 35 வரை எண் எழுதிய சீட்டுகள். மாதம் ஒருமுறை, பணித்தியக் கூட்டத்தில் மூன்று சீட்டு எடுப்போம். வருகைப் பதிவேட்டில் அந்த எண்ணில் இருக்கும் பிள்ளைகளின் புத்தகங்கள், எல்லா வகுப்பில் இருந்தும், மேசைக்கு வரும். குலுக்கல் ஏன் என்றால், "மூன்று புத்தகம் கொண்டு வாங்க" என்று விட்டால் எல்லாரும் அட்டை போட்ட அழகான புத்தகமாகப் பார்த்துக் கொண்டு வருகிறார்கள். நானும்தான். புத்தகத்தில் நாங்கள் தேடுவது ஒன்றே ஒன்று: இந்தப் பக்கத்தில் பிள்ளை தானாக யோசித்தது எது?

இந்தக் கேள்விக்கு விடை காண முடியாமல் முதல் இரண்டு மாதம் திண்டாடினோம். வழி காட்டியது ஆசிரியர் யாரும் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "புத்தகத்துல எல்லாம் சரின்னு இருக்கு. வீட்டுல கேட்டா புள்ளைக்குத் தெரியல. பலகையைப் பார்த்து எழுதுனது எது, அவனே போட்டது எதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். தர ஆய்வுப் பிரிவாம். கேள்வி அங்கிருந்துதான் வந்திருக்கும்! மறுவாரமே தொடங்கினோம். பலகையைப் பார்த்து எழுதியதன் ஓரத்தில் 'ப'. சுயமாகப் போட்டதன் ஓரத்தில் 'சு'. பிள்ளைகளே எழுதிக்கொள்வார்கள். இவ்வளவுதான், ஆனால் புத்தகத்தைப் புரட்டும்போதே உண்மை முகத்தில் அடிக்கும். முதல் மாதம் பல வகுப்பில் பக்கம் பக்கமாக 'ப'.

*

நேரம் எங்கே கிடைத்தது என்று எல்லாரும் கேட்பார்கள். கிடைக்கவில்லை, திருடினோம். மூன்று பேர் ஒரு வகுப்பைப் பார்க்கப் போனால் மூன்று வகுப்புக்கு ரிலீஃப் வேண்டும். துணைத் தலைமையாசிரியர் கால அட்டவணையில் வாரம் ஒரு பாட நேரம் கணித ஆசிரியர்கள் மூவருக்கும் ஒன்றாக ஓய்வு வரும்படி மாற்றிக் கொடுத்தார். வேறு கூட்டங்களில் இரண்டைக் குறைத்தார். அறிவிப்புகளை டெலிகிராமில் போட்டுவிட்டு, கூட்ட நேரத்தைப் புத்தகம் பார்க்கக் கொடுத்தார். 150 பிள்ளைக்கும் குறைவான சிறிய பள்ளிகளில் ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர் இருப்பதும் உண்டு. அங்கே பாட ஆய்வு இந்த வடிவில் நடக்காது. பினாங்கில் உள்ள 28 தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை பெருநிலத்தில்தான் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று அதிகத் தூரமில்லை. அப்படிப்பட்ட பள்ளியில் வேலை செய்யும் என் தோழி பக்கத்துப் பள்ளி ஆசிரியையோடு மாதம் ஒருமுறை புத்தகங்களை மாற்றிக்கொள்கிறாள். இவள் பிள்ளைகளின் புத்தகத்தை அவள் பார்த்து, அவள் பிள்ளைகளுடையதை இவள் பார்த்து, சனிக்கிழமை காலை ஒரு தே தாரிக் கடையில் பேசிக்கொள்கிறார்கள். இருவர் போதும்.

ஒரு தவணைக்கு ஒரே ஒரு பிரச்சினை என்று வைத்துக்கொண்டோம். முதல் தவணையில் ஆர்வக்கோளாறில் பின்னம், பிரச்சினைக் கணக்கு, வாய்பாடு, குழு வேலை என்று நான்கை எடுத்து நான்கிலும் நாறிப்போனோம்.

அப்புறம், அந்தப் புள்ளி விவகாரம். அடுத்த ஆண்டு எஸ்.கே.பி.எம். நிரப்பும் நேரம் வந்தது. 'மதிப்பிடுபவர்' கட்டத்தில் நாங்கள் போட்டது இரண்டு. முந்தைய ஆண்டு நான்கு. தலைமையாசிரியர் கொஞ்சம் தயங்கினார், அது நியாயம்தான். புள்ளி குறைந்தால் கேள்வி அவரிடம்தான் வரும். எதிர்பார்த்தபடியே ஓர் அதிகாரி தொலைபேசியில், "என்ன, ஒரே வருஷத்துல இவ்வளவு இறங்கிட்டீங்க?" என்று கேட்டாராம். இறங்கவில்லை, இப்போதுதான் அளந்தோம் என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் இரண்டு வரி எழுதத் தொடங்கினோம்: எதைப் பார்த்து இந்தப் புள்ளி, அடுத்த தவணையில் எதை மாற்றப்போகிறோம். டின்னில் எடுத்த புத்தகங்களின் நகல் பக்கங்களைப் பின்னால் இணைத்தோம். மாவட்டத்தில் இருந்து வரும் பயிற்றுநர், 'சிஸ்க்' என்போம், அந்தப் பக்கங்களைப் பார்த்தபிறகு உபதேசம் செய்வதை விட்டுவிட்டு எங்களோடு வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக் குறிப்பெழுதினார். பாரத்தை மட்டும் காட்டியிருந்தால் அவரும் பாரத்தைப் பற்றித்தான் பேசியிருப்பார்.

எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே இருக்கும் ஒரு மூத்த ஆசிரியர், "நான் பார்க்காத புத்தகமா?" என்று இன்றுவரை வரவில்லை. கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அவர் வகுப்புப் பிள்ளைகள் மற்ற பாடப் பழக்கத்தில் அவர் பாடத்திலும் ஓரத்தில் 'ப', 'சு' எழுதிவைக்கிறார்கள். "இது என்னய்யா கிறுக்கல்?" என்று கேட்டு, விளக்கத்தைக் கேட்டுக்கொண்டார் என்று கேள்வி. அந்தத் தமிழ்மொழிப் புத்தகத்தில் 'சு' எத்தனை இருந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

1816-இல் இதே தீவில், பினாங்கு ப்ரீ ஸ்கூலில்தான் இந்நாட்டின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியது என்று ஒவ்வொரு விழாவிலும் மேடையில் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன், மைக் பிடித்து. இருநூறு ஆண்டு என்று சொல்லும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. அந்த முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் சிலேட்டில் என்ன எழுதியிருந்தது என்று இப்போதெல்லாம் மேடையில் நிற்கும்போது யோசனை ஓடுகிறது.

இந்தத் தவணைக்கு எடுத்திருப்பது மூன்றாம் ஆண்டின் பிரச்சினைக் கணக்குகள். எண்ணைக் கண்டதும் கூட்டிவிடுகிறார்கள், வாக்கியத்தைப் படிப்பதே இல்லை. நேற்றுக் கூட்டத்தில் டின்னைக் குலுக்கி எடுத்த எண்கள் 4, 17, 22. என் வகுப்பின் 17-ஆம் எண் பிள்ளையின் புத்தகத்தை நானே மேசையில் கொண்டு போய் வைத்தேன். கடைசி ஐந்து பக்கத்தில் நான்கு 'ப'. ஐந்தாவதில் 'சு' என்று எழுதி, அழித்து, மறுபடி 'ப' என்று எழுதியிருக்கிறாள். திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு, ஏன் அழித்தாய் என்று கேட்க வேண்டும்.